மாத்திரை போட்டால் உடம்பு போடுமா?

காரைக்கால் தருமபுரத்திலும் இதே பேச்சுதான். நீர்க்கட்டிக்கோ கருத்தடைக்கோ ஒரு பெண்ணுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அடுத்த வீட்டு அக்கா சொல்லிவிடுவார்: "ஹார்மோன் மாத்திரையாடி? ஊதிப்போயிடுவ. அப்புறம் பட்டினி கிடந்தாலும் இளைக்காது." இதை நம்பிப் பாதி அட்டையில் நிறுத்தும் பெண்களுக்காகவே எழுதுகிறேன்.

ஊதிப்போவது முதலில். இரட்டை ஹார்மோன் கருத்தடை முறைகளைப் பற்றிய 49 ஆய்வுகளை 2014-இல் காக்ரேன் குழு ஒன்றாக வைத்துப் பார்த்தது. எடையில் பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோதும், எடை கூட இந்த மருந்துதான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. முதல் சில மாதங்களில் சிலருக்கு நீர் கோத்து உடம்பு உப்பியது போலிருக்கும். அது கொழுப்பு அல்ல. இருபதுகளில் மாத்திரை போடாத பெண்களுக்கும் எடை கூடத்தான் செய்கிறது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் இன்னும் எளிதாகக் கூடும். நோய் செய்ததற்கு மருந்தின் மேல் பழி.

"இளைக்கவே முடியாது" என்பதும் தவறு. உணவும் நடையும் மாத்திரை போடுபவருக்கும் பலன் தரும். நீர்க்கட்டி உள்ள, எடை கூடிய பெண் உடல் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்புண்டு. இளைக்கவைக்கும் வேலையை மாத்திரையிடம் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

எல்லா ஹார்மோனும் ஒன்றா? அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். 21-இல்தான் ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. மாங்கனித் திருவிழா நேரத்தில் மாதவிலக்கைத் 'தள்ளிப்போட' வாங்கும் நோரெதிஸ்டிரோன் வேறு மருந்து; அப்படிச் சில நாள் போடுவது கருத்தடை ஆகாது. மூன்று மாதத்துக்கொரு முறை போடும் அந்தரா ஊசியில் மட்டும் அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது: சிலருக்கு, குறிப்பாக ஏற்கெனவே பருமனாக உள்ள இளம்பெண்களுக்கு, எடை கூடுகிறது. ஊசிக்கு உள்ளதை மாத்திரைக்கும் ஏற்றிவிட்டோம். ஹார்மோனே வேண்டாம் என்பவருக்கு லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த மருந்து, 'சாயா' என்ற பெயரில் அரசுத் திட்டத்திலேயே கிடைக்கிறது.

பயந்து பாதியில் நிறுத்தினால் எடை குறையாது. வேண்டாத கர்ப்பம் வரலாம். மாத்திரை தொடங்கும் முன் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியவை வேறு: ரத்தக் கொதிப்பு, கண்முன் வெளிச்சம் மின்னி வரும் ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்தது, பால் குடிக்கும் குழந்தை இருப்பது.