கோடு தானே பேசுமா?

கண்டதே மெய், கணித்தது ஊகம் என்பார் விஞ்ஞான உலகிலும் உளர். வெப்பமிகு பிளாஸ்மாவின் இயல்பை அறியச் சிறந்ததொரு நிறமாலைமானி போதும்; அணுக்கணிப்பு என்பது அட்டவணை நிரப்புவோரின் வேலை என்பது அவர்தம் கட்சி. இக்கட்சி வரலாற்றின் முன் நிற்கவல்லதன்று.

1868 இல் சூரிய ஒளியில் காணப்பட்ட மஞ்சட் கோடொன்று புதிய மூலகமொன்றுக்கு உரியதெனக் கொள்ளப்பட்டது. அதுவே ஈலியம், 1895 இல் அது புவியிலும் கண்டறியப்பட்டது. 1869 ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது சூரியனின் கொரோனாவில் 530.3 நனோமீற்றரில் பச்சைக் கோடொன்று தென்பட்டது. அதே நியாயத்தின்படி 'கொரோனியம்' என்னும் மூலகம் கற்பிக்கப்பட்டது. அத்தகைய மூலகம் எதுவுமே இல்லை. இரு அவதானிப்புகளும் பிழையற்றவை. எனினும் ஒன்று உண்மைக்கும் மற்றையது பொய்க்கும் இட்டுச் சென்றது.

எழுபது ஆண்டுகளின் பின்னரே குரோத்திரியனும் எட்லேனும் இப்புதிரை விடுவித்தனர். ஆய்வுகூட நிறமாலைகளை அடிப்படையாகக் கொண்டு சக்தி மட்டங்களைக் கணித்த எட்லேன், அப்பச்சைக் கோடு பதின்மூன்று இலத்திரன்களை இழந்த இரும்பினது என நிறுவினார். இரும்பு அந்நிலை எய்துவதற்குப் பத்து இலட்சம் கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். ஏறத்தாழ 5,800 கெல்வின் கொண்ட சூரிய மேற்பரப்பின் மேல் இத்துணை வெப்பமான வளிமண்டலம் உண்டென்பதைக் காட்டியது தொலைகாட்டி மட்டுமன்று, கணிப்புமாகும்.

கணிப்பு அளவீட்டோடு முரணினால் எதனை நம்புவது என எதிர்க்கட்சியினர் வினவலாம். இதற்கும் விடையுண்டு. பதினாறு இலத்திரன்களை இழந்த இரும்பின் இரு எக்ஸ் கதிர்க் கோடுகளின் அலைவு வலிமை விகிதம் ஏறத்தாழ 3.5 எனக் கணிப்பு கூறியது. 2012 இல் வெளியான அளவீடோ 2.6 என்றது. குற்றம் கணிப்பின் மீதே சுமத்தப்பட்டது. 2022 இல் மேலும் நுண்மையான அளவீடு 3.51 என்னும் பெறுமானத்தைத் தந்தது. திருத்தம் பெற்றது கணிப்பன்று, முன்னைய அளவீடே.

இவ்விகிதத்தைக் கொண்டே விண்வெளிப் பிளாஸ்மாவில் ஒளி எவ்வளவு சிதறுகிறது என மதிப்பிடப்படுகின்றது. விகிதம் பிழைத்தால் அம்மதிப்பீடும் பிழைக்கும். கோட்டின் செறிவை மாத்திரமே கருவி தரும். இலத்திரன் மோதலால் அணு கிளர்வுறும் வீதமும் அது ஒளியை உமிழும் நிகழ்தகவும் அறியப்படாதவிடத்து, அச்செறிவிலிருந்து வெப்பநிலையோ அடர்த்தியோ பிறவாது.

கணிப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டதென்பது இதன் பொருளன்று. அளவீடு எவ்வாறு சோதிக்கப்படவேண்டுமோ அவ்வாறே கணிப்பும் சோதிக்கப்படவேண்டும். ஆயின் ஒன்றை எசமானாகவும் மற்றதை ஏவலாளாகவும் கருதும் மனப்பாங்கு மேலும் பல கொரோனியங்களையே படைக்கும்.