மகாபலிபுரம் பார்த்தா தப்பா?

தத்தெடுக்க வந்த வெள்ளைக்காரங்க, குழந்தையைக் கண்ணுல காட்டுற வரைக்கும் மகாபலிபுரம், காஞ்சிபுரம்னு சுத்தினா நம்மாளுங்களுக்குக் கடுப்பு. "பிள்ளைக்கு வந்தாங்களா, டூர் வந்தாங்களா?" எங்க பெருநகர் டீக்கடையிலயும் இதே நக்கல்தான்.

அட போங்கப்பா! ஃபைல் நகர்ற வரைக்கும் லாட்ஜ்லயே உக்காந்து அழணுமா? பிள்ளை பிறந்த ஊரைப் பார்த்துட்டுத்தான் போகட்டுமே.

கோபப்பட வேற இடம் இருக்கு மக்களே. 2005-ல சென்னையில வெடிச்ச மலேசியன் சோஷியல் சர்வீசஸ் விவகாரம் ஞாபகம் இருக்கா? ஏழைங்க பிள்ளைகளைத் திருடி, பொய்யா பேப்பர் தயார் பண்ணி நெதர்லாந்து, ஆஸ்திரேலியான்னு தத்து அனுப்பினதா வழக்கு. சிபிஐ வரைக்கும் போச்சு. டூர் போனதுக்கு நக்கலடிக்கிற நாம, "பெத்தவ சம்மதம்னு இதுல கையெழுத்துப் போட்டது யாரு?"ன்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா?