தாய்ப்பாலும் ஊர்வாயும்

சென்ற மாதம் திருவாலங்காட்டில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசிவிட்டு ரயிலடிக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தோழர் ஒருவர் தமக்குத் தெரிந்த ஒரு வீட்டுச் சங்கதியைச் சொன்னார். அவர் பெயர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒருவருக்கு எச்.அய்.வி. இருக்கிறதென்பதை அவருடைய சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாதென்று, 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம் தடுத்திருக்கிறது. அப்படி ஒரு சட்டமே இல்லாவிட்டாலும் அது அயோக்கியத்தனமான காரியம் என்பதுதான் நமது அபிப்பிராயம்.

சங்கதி இதுதான். புருஷன் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் ஒப்பந்தக் கூலி. பெண் முதல் பிள்ளை உண்டாகி ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரத்தப் பரிசோதனையில் எச்.அய்.வி. இருப்பது தெரிந்தது. பிறகு புருஷனைப் பரிசோதித்தால் அவனுக்கும் இருந்தது. சர்க்கார் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையை இருவரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். மாமியாருக்கு மட்டும் தெரியக்கூடாதென்று புருஷன் உத்தரவு. பிள்ளை பிறந்ததும், யாரோ ஒரு மருத்துவமனைக்காரி "நீ பால் கொடுத்தால் பிள்ளைக்கு விஷம் கொடுத்தது போல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் மாமியார், "பெற்ற பிள்ளைக்கு மார் கொடுக்காதவள் பெண்ணா, பேயா?" என்கிறாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? மாமியார் பார்க்கும்போது தாய்ப்பால், மறைவில் புட்டிப்பால் என்று ஒரு வாரம் ஓட்டியிருக்கிறாள்.

தோழர்களே! அந்த ஊரில் "பேய்" என்ற சொல்லுக்கு உள்ள மரியாதையைப் பாருங்கள். அழகும் சதையும் வேண்டாம், பேயுருவம் வேண்டும் என்று கேட்டு வாங்கியதாகச் சொல்லப்படும் காரைக்கால் அம்மையாரை அங்கே கோயிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். பக்கத்துப் பழையனூரிலோ, ஒரு கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து அழுதாளென்று நீலியின் கதையைச் சொல்லி, பெண்ணின் கண்ணீரையே நம்பாதே என்று பழமொழி ஆக்கிவிட்டார்கள். உயிரோடு இருக்கும் ஒரு தாய் நிஜமான பிள்ளையை ஏந்திக்கொண்டு அழுதால் யார் நம்புவார்கள்?

நிற்க, விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெண் பயத்தினால் செய்த இரண்டுங்கெட்டான் முறைதான் இருப்பதிலேயே கெட்ட முறை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் செய்த ஆராய்ச்சி 1999-ல் வெளிவந்தது. தாய்ப்பாலை மட்டுமே குடித்த பிள்ளைகளைவிட, தாய்ப்பாலோடு வேறு பாலும் தண்ணீரும் கலந்து குடித்த பிள்ளைகளுக்கே கிருமி அதிகமாகத் தொற்றியது என்று அதில் தெரிந்தது. வேறு ஆகாரம் பச்சைக் குடலின் உள்தோலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது என்று காரணம் சொல்லுகிறார்கள். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிறந்த அன்றே சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீர், சீம்பால் ஆகாதென்று பீய்ச்சிக் கொட்டுவது, புத்தி வரும் என்று கழுதைப்பால், உரை மருந்து. எச்.அய்.வி. இல்லாத வீட்டிலேயே இவை கெடுதல். இருக்கிற வீட்டில் கேட்க வேண்டுமா?

அப்படியானால் புட்டிப்பாலே போதுமே என்று சிலர் சொல்லலாம். போட்ஸ்வானா தேசத்தில் சர்க்கார் அப்படித்தான் இலவசமாகப் பால்மாவு கொடுத்தது. 2006-ல் பெருமழை பெய்து தண்ணீர் கெட்டு வயிற்றுப்போக்கு பரவியபோது, ஆஸ்பத்திரிக்கு வந்ததும் செத்ததும் பெரும்பாலும் தாய்ப்பால் இல்லாத குழந்தைகளே. கும்மிடிப்பூண்டியில் ஒற்றை அறையில் குடியிருந்து லாரித் தண்ணீருக்குக் குடம் வைப்பவளிடம், வேளைக்கு வேளை தண்ணீரைக் கொதிக்கவைத்துப் புட்டியைச் சுத்தம் செய் என்று சொல்லுவது சுலபம். கேஸும் மாவும் யார் வாங்கிக் கொடுப்பது?

எந்த வைத்தியமும் இல்லாவிட்டால், கர்ப்பம், பிரசவம், பால் ஆகிய மூன்று வழியாகவும் சேர்த்து 100 பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். தாய் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அது 5-க்குக் கீழே போய்விடுகிறது. பிள்ளைக்கும் பிறந்த உடனே சொட்டு மருந்து தொடங்கிக் குறைந்தது 6 வாரம் கொடுக்க வேண்டும். 2014 முதல் நம் நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஆயுள் முழுவதும் இம்மருந்து என்று ஏற்பாடு. உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல், மருந்து சாப்பிடும் தாய் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற ஆகாரத்தோடு குறைந்தது 12 மாதம், விரும்பினால் 24 மாதம்வரை கொடுக்கலாம் என்றது. சுத்தமான தண்ணீருக்குப் பஞ்சமில்லாத அமெரிக்காவிலேயே, கூடவே கூடாதென்று சொல்லிவந்த வைத்தியர்கள் 2023-ல், தாயோடு கலந்து பேசி முடிவு செய்யலாம் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆபத்து ஒரேயடியாகப் பூஜ்யமாகிவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம். மாவுப்பால்தான் கொடுப்பேன் என்று ஒரு தாய் தீர்மானித்து, அதைக் கடைசிவரை சுத்தமாகக் கொடுக்க வசதியும் இருந்தால், அவளைத் தூற்ற யாருக்கும் யோக்கியதை இல்லை.

"நேற்று கொடுக்காதே என்றார்கள், இன்று கொடு என்கிறார்கள், இதுதானா உங்கள் விஞ்ஞானம்?" என்று ஒரு பெரியவர் அன்றைய கூட்டத்திலேயே கேட்டார். ஆம், இதுதான். கண்டறிந்தது மாறினால் சொன்னதை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். அந்த மருத்துவமனைக்காரியின் பிசகே, பழைய சொல்லைச் சாஸ்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டதுதான்.

கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றிய இரத்தத்தினாலேயே இந்தக் கிருமி வந்தது ஊரறிந்த சேதி. அவளிடம் எந்தக் கற்பைப் பரிசோதிப்பார்கள்? கும்மிடிப்பூண்டிக்காரன் வீட்டிலும், கலியாணம் செய்துகொண்டதைத் தவிர அந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்? அவன் தன் தாயிடம், "எனக்கும்தான் இருக்கிறது, அவள் என்ன கொடுக்கிறாளோ அதில் நீ தலையிடாதே" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், புட்டியை ஒளிக்க வேண்டிய அவசியமே வந்திராது. ஆண்பிள்ளைக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

பிறகு அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இருந்த ஓர் அம்மாள் பொறுமையாக எடுத்துச் சொன்னதன்பேரில் அவள் புட்டியை விட்டுத் தாய்ப்பாலை மட்டும் கொடுத்து வருகிறாள். 6-வது வாரத்தில் எடுத்த பரிசோதனையில் பிள்ளைக்குக் கிருமி இல்லை. இப்போது பிள்ளைக்கு நாலு மாதம்; முடிவான பரிசோதனை 18-வது மாதத்தில். மாத்திரை டப்பா மட்டும் இன்னும் அரிசிப் பானைக்குள்ளேதான் இருக்கிறதாம்.