‘முழுவதும் ஏற்றுக்கொள், அன்றேல் வெளியேறு’: கத்தோலிக்க மனச்சாட்சி பற்றிய ஒரு மறுப்புரை

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைகள் யாவற்றையும் ஏற்றுக் கைக்கொள்ள இயலாதவன், தன்னைக் கத்தோலிக்கன் என அழைத்துக்கொள்ளும் உரிமையை இழந்துவிடுகின்றான் என்பது பலராலும் தயக்கமின்றிக் கூறப்படும் ஒரு கருத்தாகும். சந்தையிற் காய்கறி பொறுக்குவதுபோல விசுவாச சத்தியங்களைப் பொறுக்கியெடுத்தல் ஆகாது. முழுவதும் ஏற்றுக்கொள், அன்றேல் வெளியேறு என்பதே இக்கருத்தினரின் முடிவாகும். விந்தை யாதெனில், மதத்தை எள்ளி நகையாடும் பகுத்தறிவாளர் சிலரும் இதே முடிவையே வேறொரு குரலில் உரைக்கின்றனர். நம்ப முடியாதவற்றை நம்புவதாக ஏன் நடிக்கின்றாய், நேர்மையுள்ளவனாயின் வெளியே வா என்பது அவர்தம் அழைப்பு. ஏனைய அனைத்திலும் முரண்படும் இவ்விரு சாராரும், ஒரு மனிதனுக்கு வாயிலைக் காட்டுவதில் மட்டும் ஒன்றுபடுகின்றனர்.

அம்மனிதன் யாவன்? அவன் அசட்டையானவன் அல்லன். அசட்டையானவனுக்குப் போராட்டமில்லை, அவன் ஞாயிற்றுக்கிழமைகளிற் கோயிலுக்குப் போவதுமில்லை, போகாமைக்காக வருந்துவதுமில்லை. இங்கு பேசப்படுபவன் செபிக்கின்றான், நோன்பு காக்கின்றான், ஆவணியில் மடுமாதாவின் திருவிழாவுக்குச் செல்கின்றான். ஆயினும் நற்கருணை வழங்கப்படும் வேளையில், ஏனையோர் எழுந்து பீடத்தை நோக்கிச் செல்ல, அவன் மட்டும் இருக்கையிலேயே தலைகுனிந்து அமர்ந்துவிடுகின்றான். நான்கு பிள்ளைகளைப் பெற்றபின் ஐந்தாவது மகப்பேறு உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்த தாயொருத்தியும் அவ்வாறே அமர்ந்திருக்கக்கூடும். அவர்களை நோக்கித்தான் ‘வெளியேறு’ என்ற சொல் வீசப்படுகின்றது.

எதிர்த்தரப்பாரின் வாதத்தில் வலுவில்லை என்பதற்கில்லை. திருச்சபை ஒரு விவாத மன்றமன்று. கிறிஸ்து தம் சீடருக்குக் கற்பிக்கும் அதிகாரத்தை அளித்தார் என்பது கத்தோலிக்கத்தின் அடிப்படை. ஒவ்வொருவனும் தனக்கு உவப்பானதை மட்டும் கொண்டு உவப்பில்லாததைத் தள்ளுவானாயின், எஞ்சுவது அவனது விருப்பமேயன்றி விசுவாசம் ஆகாது. இவ்வளவும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆயின் இதிலிருந்து ‘முழுவதும் அல்லது எதுவுமில்லை’ என்ற முடிவு பெறப்படுமா என்பதே வினா.

முதலாவதாக, ‘போதனைகள் யாவும்’ என்று ஒரே மூச்சிற் கூறுவது திருச்சபையின் சொந்த நிலைப்பாட்டுக்கே மாறானது. கத்தோலிக்கக் கோட்பாட்டின் உண்மைகளிடையே ஒரு படிநிலை ஒழுங்கு உண்டென்பதையும், விசுவாசத்தின் அடித்தளத்தோடு அவை கொண்டுள்ள தொடர்பு ஒரே தன்மையதன்று என்பதையும் இரண்டாவது வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டிற் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய தனது ஏட்டில் வெளிப்படையாகவே கூறிற்று. கிறிஸ்துவின் உயிர்ப்பும், ஒரு குறித்த காலத்திற் பாப்பரசர் ஒருவர் எழுதிய சுற்றுமடலின் ஒவ்வொரு பந்தியும் ஒரே தராசிலிட்டு நிறுக்கப்படுவனவல்ல. இவ்வேறுபாட்டை மறைத்து அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரு பாமரனின் தலையில் ஏற்றுவோர், திருச்சபையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அதன் போதனையையே திரிக்கின்றனர்.

இரண்டாவதாக, வரலாறு இவர்களுக்குத் துணைநிற்கவில்லை. 1179இல் மூன்றாவது இலாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டி வாங்குவோருக்கு நற்கருணையையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. 1745இற்கூட 14ஆம் ஆசீர்வாதப்பர் அத்தடையை மீள வலியுறுத்தினார். இன்றோ வத்திக்கான் தனக்கென ஒரு நிதி நிறுவனத்தையே கொண்டுள்ளது. வங்கிச் சேமிப்புக்கு வட்டி பெறும் எவரும் அதனைப் பாவசங்கீர்த்தனத்திற் கூறுவதில்லை. 1864இல் 9ஆம் பத்திநாதர் வெளியிட்ட தவறுகளின் பட்டியல், சமய சுதந்திரம் குறித்த அக்காலக் கொள்கைகளைக் கண்டித்தது. 1965ஆம் ஆண்டு டிசெம்பரிலே சங்கம் அச்சுதந்திரத்தை மனித மாண்பிலிருந்து பிறக்கும் உரிமையெனப் பிரகடனம் செய்தது. இவ்விரு காலங்களுக்கும் இடையில் நின்றவர் அமெரிக்க இயேசுசபைக் குரு யோன் கோட்னி மறே. சமய சுதந்திரத்தைப் பற்றி எழுதாது மௌனம் காக்குமாறு 1950களிற் பணிக்கப்பட்ட அவரே, பின்னர் சங்கத்தின் அப்பிரகடனத்தை உருவாக்குவதிற் பெரும்பங்கு கொண்டார். ‘முழுவதும் ஏற்றுக்கொள், அன்றேல் வெளியேறு’ என்ற கட்டளைக்கு மறே 1955இற் செவிசாய்த்து வெளியேறியிருப்பாராயின், இழப்பு யாருக்கு?

இப்பிரச்சினை மிகக் கூர்மையடைந்தது 1968இலாகும். குடும்பக் கட்டுப்பாட்டை ஆராயவென 23ஆம் அருளப்பர் 1963இல் ஒரு சிறு குழுவை அமைத்தார். அதனை 6ஆம் சின்னப்பர் விரிவாக்கினார். இறையியலாளரோடு மருத்துவரும் மணமானோரும் அதில் இடம்பெற்றனர். சிக்காகோவைச் சேர்ந்த பற்றிக், பற்றீசியா குரோலி தம்பதியர் பல நாடுகளின் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து கடிதங்களைத் திரட்டிக் குழுவின் முன் வைத்தனர். அவை கலகக்காரரின் கடிதங்களல்ல. திருச்சபை அனுமதித்த வழியை, நாட்காட்டியையும் வெப்பமானியையும் கையிற்கொண்டு ஆண்டுக்கணக்காகக் கைக்கொண்டு, அச்சத்தினாலும் தோல்வியினாலும் தம் இல்லறம் நலிவுற்றதைக் கூறிய பக்திமான்களின் கடிதங்கள் பல அவற்றுள் இருந்தன. குழுவின் பெரும்பான்மையோர் 1966இல் மாற்றத்தைப் பரிந்துரைத்தனர். பாப்பரசர் அதனை ஏற்கவில்லை. 1968 யூலை 25ஆந் திகதியிடப்பட்ட சுற்றுமடல், செயற்கைக் கருத்தடை முறைகள் யாவற்றையும் விலக்கிற்று.

உண்மை வாக்கெடுப்பினால் துணியப்படுவதன்று என்பர். அது சரியே. ஆயினும் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். அச்சுற்றுமடலைப் பத்திரிகையாளர் முன் வெளியிட்ட லம்புருஸ்கீனி அடிகளார், அது வழுவாவரம் சார்ந்த பிரகடனமன்று என்பதைத் தெளிவாக்கினார். அவ்வாண்டிலேயே ஜேர்மன், பெல்ஜியம், கனடா ஆகிய நாடுகளின் ஆயர்கள், நேர்மையாக முயன்றும் அப்போதனையை ஏற்க முடியாதோரின் மனச்சாட்சிக்கு இடமளித்து அறிக்கைகள் வெளியிட்டனர். சுற்றுமடல்தானும், தவறும் தம்பதியரை மனந்தளராது இறை இரக்கத்தை நாடுமாறு அழைக்கின்றதேயன்றி வெளியேறுமாறு கூறவில்லை. பாப்பரசர் கூறாத தீர்ப்பைக் கூறும் அதிகாரம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

மூன்றாவதாக, மனச்சாட்சி பற்றிய போதனையும் ‘போதனைகள் யாவும்’ என்பதனுள் அடங்குவதே. மனச்சாட்சி என்பது மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறை என்ற கருத்தை 1965இற் சங்கம் வலியுறுத்தியது. அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1875இல், பின்னாளிற் கர்தினாலாக உயர்ந்த நியூமன், பாப்பரசரின் நலத்துக்குக் கிண்ணமுயர்த்த நேரின் முதலில் மனச்சாட்சிக்கே உயர்த்துவேன் எனும் கருத்துப்பட எழுதினார். அவரைத் திருச்சபை 2019இற் புனிதராக உயர்த்தியது. எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்போர் இப்போதனையை மட்டும் ஏற்க மறுப்பதேன்?

இங்குதான் இவ்வாதத்தின் உண்மையான முகம் வெளிப்படுகின்றது. முழுமையைக் கோருவோர் முழுமையைக் கோருவதில்லை. தமக்குச் செலவில்லாத பகுதியையே கோருகின்றனர். தொழிலாளிக்குரிய கூலியை மறுத்தல், வானத்தை நோக்கி முறையிடும் பாவங்களுள் ஒன்றெனப் பழைய ஞானோபதேசங்களிற் கற்பிக்கப்பட்டது. தொழிலாளியின் சீவியத்துக்குப் போதாத கூலி, அவன் இசைந்து பெற்றதாயினும் அநீதியே என 13ஆம் சிங்கராயர் 1891இல் வரையறுத்தார். வாடியில் உழைப்போனின் பங்கைக் குறைத்துவிட்டு, அப்பணத்தில் திருவிழா உபயம் செய்யும் சம்மாட்டியை எவராவது இருக்கையில் அமர்ந்திருக்கச் சொன்னதுண்டா? அவன் முன்வரிசையிலிருந்து எழுந்து செல்கின்றான். ஐந்தாவது குழந்தைக்கு அஞ்சியவளே பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றாள்.

சாதியின் கதையும் இதுவே. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த தேவாலயத்திற் சாதிக்கொரு புறமாக மக்களைப் பிரித்துச் சுவர் நின்றது. பீடம் ஒன்று, அப்பமும் ஒன்று, மக்கள் மட்டும் இரு கூறு. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது, எதிர்த்தெழுந்தோர் வெளியார் அல்லர். ஞானஸ்நானம் பெற்று, செபமாலை ஏந்தியவர்களே. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களும் சாதியின் நிழலினின்று முற்றாக விடுபட்டிருந்தன என்று துணிந்து கூறுவதற்கில்லை. அயலானை நேசி என்ற தலையாய கட்டளையைப் பகிரங்கமாக மீறியோரைக் ‘காய்கறி பொறுக்குவோர்’ என்று எவரும் அழைத்திலர்.

ஈழத்து அண்மைக்கால வரலாறும் சான்று பகரும். மரியாளைப் பற்றி 1990இல் ஒரு நூலை எழுதியமைக்காகத் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1997 சனவரியிலே திருச்சபையினின்று விலக்கப்பட்டார். மறுவருடம் அத்தண்டனை நீக்கப்பட்டது. எழுதியதற்காக விலக்கப்பட்டவர் ஒருவர் உளர். கூலியைக் குறைத்தமைக்காகவோ, அயலானைத் தீண்டாமைக்காகவோ அவ்வாறு விலக்கப்பட்ட செய்தி கேட்பதரிது.

மேலும், 2018இற் பாப்பரசர் பிரான்சிஸ் மரணதண்டனை ஏற்கத்தகாதது என ஞானோபதேசத்தைத் திருத்தியபோதும், 2015இல் இயற்கைச் சூழலைப் பற்றிச் சுற்றுமடல் எழுதியபோதும், ‘யாவற்றையும் ஏற்றுக்கொள்’ என்று முழங்கிய மேனாட்டார் பலர் எதிர்த்தெழுதினர். தமக்கு நெருக்கடி வந்தபோது அவர்களும் மனச்சாட்சியையே துணைக்கழைத்தனர். அவர்கள் வெளியேறவில்லை, வெளியேற வேண்டியதுமில்லை. தமக்கு எடுத்துக்கொண்ட இடத்தைப் பிறருக்கும் கொடுத்தாற் போதுமானது.

இவ்வளவு கூறியமையால், மனச்சாட்சி என்ற பெயரால் எதனையும் செய்யலாம் எனக் கொள்ளற்க. போதனையை ஒருமுறையேனும் ஊன்றிப் படியாது, அதன்பொருட்டு ஒரு நாளேனும் உறக்கமிழக்காது, ‘என் மனச்சாட்சி அனுமதிக்கின்றது’ என்போன் சோம்பலையே மனச்சாட்சி என்கின்றான். மனச்சாட்சி உருவாக்கப்பட வேண்டியது. கல்வியாலும் செபத்தாலும், தன்னலத்தை ஐயுறும் நேர்மையாலும் அது உருவாகின்றது. போராடுவோனுக்கே இவ்வுரிமை உரியது, போராட மறுப்போனுக்கன்று. ஆயின் வாயால் அனைத்தையும் ஏற்று வாழ்வில் ஒன்றையும் எண்ணிப்பாராதவனும் போராட மறுப்போனே.

தமது உடலையே உணவாகத் தருவதாக இயேசு கூறியபோது, இப்பேச்சுக் கடினமானது என்று சீடர் பலர் அகன்றனர் எனச் சுவிசேஷம் கூறுகின்றது. நீங்களும் போக விரும்புகின்றீர்களோ என்று அவர் பன்னிருவரையும் வினவினார். இராயப்பர் தாம் அனைத்தையும் விளங்கிக்கொண்டதாகக் கூறவில்லை. தமக்குப் போக்கிடம் வேறில்லை என்றே மறுமொழி பகர்ந்தார். அவ்வாறு தங்கியவரே பின்னொருநாள் மும்முறை மறுதலித்தார். ஆயினும் மந்தையை மேய்க்கும் பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை. விளங்காமலும் விழுந்தெழுந்தும் தங்கியிருந்த ஒருவர்மீது கட்டப்பட்டதே திருச்சபை. அதன் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருப்போரை வெளியேறச் சொல்வோர், அவர் இன்று வந்து அவ்விருக்கையில் அமர்வாராயின் அவருக்கும் வாயிலையே காட்டுவர்.