கையும் கண்ணும் கருவியும்

இங்கிலாந்து நாட்டில் 1825ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27ஆம் நாள், ஸ்டாக்டன், டார்லிங்டன் என்னும் ஊர்களை இணைத்த இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. நீராவி எஞ்சின் பூட்டிய வண்டித்தொடர் அன்று மக்களையும் நிலக்கரியையும் சுமந்து ஓடியது. அந்நாள் தொட்டு அந்நாட்டு மக்கள் புகைவண்டியின்மேல் கொண்ட பற்று இருநூறு ஆண்டுகள் கழிந்தும் குன்றவில்லை. சுரங்கத்தையும் துறைமுகத்தையும், ஆலையையும் அங்காடியையும், பிரிந்தவரையும் உற்றாரையும் ஒன்று சேர்த்தது அது. ஆகவே, அதன் எஞ்சினும் பெட்டியும் மட்டுமன்றி, நிலையமும் பாலமும் கைகாட்டி மரமும்கூட அவர்கள் நெஞ்சில் இடம் பெற்றன.

இப்பற்றினை எள்ளி நகையாடுவோரும் உண்டு. கையில் குறிப்பேட்டுடன் பிளாட்பாரத்தின் கோடியில் நின்று, வருகின்ற எஞ்சின்களின் எண்களைக் குறித்துக்கொள்ளும் இளைஞர்களைக் கண்டு, “இதனால் யாது பயன்?” என்று அவர்கள் வினவுவர். சதர்ன் ரயில்வேயில் எழுத்தராக இருந்த இயான் ஆலன் என்பவர், அக்கம்பெனியின் எஞ்சின் எண்களைத் தொகுத்து 1942ஆம் ஆண்டு ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதனை வாங்கியோர் பலர்; அவர்களுள் சிறுவர் மிகப் பலர். வீண் பொழுதுபோக்கு என்று எண்ணப்பட்ட இவ்வார்வம் நாளடைவில் பெரும்பயன் விளைத்தது. வேல்ஸ் நாட்டு மலைப்புறத்தில் கற்பலகை ஏற்றிச் சென்ற டாலிலின் என்னும் குறுகிய இருப்புப்பாதை மூடப்படும் நிலையை எய்தியபோது, டாம் ரோல்ட் என்னும் எழுத்தாளரும் அவர் நண்பரும் 1950ஆம் ஆண்டு ஒரு சங்கம் கண்டனர். மறு ஆண்டே ஊதியம் பெறாத் தொண்டர்கள் அப்பாதையில் வண்டிகளை ஓட்டினர். தொண்டர்களால் காப்பாற்றப்பட்ட இருப்புப்பாதைகளுள் உலகிலேயே முதலாவது அதுவே ஆகும்.

ஆயினும், எல்லாவற்றையும் அவ்வாறு காத்தல் இயலுமோ? 1963ஆம் ஆண்டு பீச்சிங் என்பார் பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கை, 2,363 நிலையங்களை மூடலாம் என்று கூறியது. பின்வந்த ஆண்டுகளில் சிற்றூர் நிலையங்கள் பல மூடுண்டன, கட்டடங்கள் இடிபட்டன. இலண்டன் மாநகரின் யூஸ்டன் நிலையத்தின் முன் 1837ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற மாபெரும் கல் வாயில், அறிஞர் பலர் தடுத்தும் கேளாமல் 1961ஆம் ஆண்டின் இறுதியில் இடிக்கப்படலாயிற்று. அதன் கற்களுள் பல, கிழக்கு இலண்டனில் ஓர் ஆற்றுக்கால்வாயின் பள்ளத்தை நிரப்பப் பயன்பட்டன. ஒரு கட்டடம் மறைந்தால், அதனைக் கட்டியவர் கைத்திறமும் அதில் நடமாடியவர் வாழ்வும் உடன் மறைகின்றன. மறைந்ததை மீண்டும் எழுப்ப இயலாதபோது, அதன் உருவத்தையேனும் சிறிய அளவில் நிலைநாட்டலாம் அன்றோ? இங்கேதான் மாதிரி இருப்புப்பாதைக் கலை தன் உண்மைப் பெருமையைப் பெறுகின்றது.

இதற்குச் சிறந்த சான்று, ஆக்ஸ்போர்டு மாவட்டத்தில் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் உள்ள பெண்டன் காட்சிச்சாலை. அதனை 1954ஆம் ஆண்டு நிறுவியவர் ராய் இங்கிலாந்து என்பவர். பெயரில் இங்கிலாந்து இருப்பினும், அவர் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925ஆம் ஆண்டு வந்தவர். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என வழங்கும் நிலப்பகுதியின் பழைய குடில்கள் ஒவ்வொன்றாக உருமாறி வருவதைக் கண்டு அவர் உள்ளம் வருந்தினார். வருந்தியதோடு நில்லாமல், அக்குடில்களை அளந்து, வரைந்து, அட்டையை வெட்டிச் சிற்றுருவங்களாகச் சமைத்தார். அவரும் அவர்வழி வந்தோரும் உழைத்த உழைப்பினால், 1920, 1930ஆம் ஆண்டுகளின் நாட்டுப்புறம், ஊரும் வயலும் புகைவண்டியும் ஆக, இன்று அங்கே கண்ணாரக் காணக் கிடக்கின்றது. எழுத்திலே வரலாறு எழுதுவோர் உண்டு. அட்டையிலும் வண்ணத்திலும் வரலாறு எழுதியவர் அவர்.

மாதிரி இருப்புப்பாதை அமைப்போர் மூவகையினர். கடையில் முற்றுப்பெற்ற பொருளை வாங்கி வைப்போர் ஒரு வகையினர். உறுப்புகளாக விற்பதை வாங்கி ஒட்டிச் சேர்ப்போர் மற்றொரு வகையினர். வெறும் தகட்டையும் அட்டையையும் கொண்டு அனைத்தையும் தாமே ஆக்குவோர் மூன்றாம் வகையினர். முதல் இரு வகையினரைக் குறை கூறுதல் வேண்டா. அவர்க்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால், கடையில் கிடைப்பது பலர்க்கும் பொதுவான ஒரு நிலையம். தன் ஊரில் இருந்து மறைந்துபோன நிலையம் அன்று. அதனை வேண்டுபவர் தாமே ஆக்கிக்கொள்ளல் வேண்டும்.

ஆக்கும் பணிக்கு அடிப்படை அளவு. பிரிட்டனில் மிகுதியும் வழங்கும் முறையில், மெய்யான ஓரடி நீளம் மாதிரியில் 4 மில்லிமீட்டர் ஆகின்றது. அதாவது, ஏறத்தாழ எழுபத்தாறில் ஒரு பங்கு. சாந்தோடு சேர்ந்த இங்கிலாந்துச் செங்கல் 9 அங்குல நீளமும் 3 அங்குல உயரமும் உடையது எனக் கொண்டால், மாதிரியில் அது 3 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் உயரமும் பெறும். இவ்வுண்மை ஓர் அரிய திறவுகோலாகப் பயன்படுகின்றது. இடிந்துபோன கைகாட்டி அறையின் பழைய நிழற்படம் ஒன்று கிடைத்தால் போதும். சுவரில் உள்ள செங்கல் வரிசைகளை எண்ணிப் பார்க்கலாம். வரிசைகள் நாற்பத்து நான்கு எனின், சுவரின் உயரம் 132 அங்குலம், அதாவது 11 அடி. மாதிரியில் 44 மில்லிமீட்டர். அளவுகோல் செல்ல முடியாத இடத்திற்கும் எண்ணிக்கை செல்கின்றது. பள்ளியில் கற்ற விகிதக் கணக்கு, மண்ணோடு மண்ணாகிய ஒரு கட்டடத்தை மீண்டும் எழுந்து நிற்கச் செய்கின்றது.

செங்கற்களை அடுக்கிய முறையையும் உற்று நோக்கல் வேண்டும். ஒரு வரிசை முழுதும் நீளவாட்டிலும், அடுத்த வரிசை முழுதும் குறுக்குவாட்டிலும் கல் வைப்பது ஒரு முறை. ஒரே வரிசையில் நீளக்கல்லும் குறுக்குக்கல்லும் மாறிமாறி வைப்பது மற்றொரு முறை. இவற்றை அறியாமல் கோடு கீறுபவர் ஏதோ ஒரு சுவரை ஆக்குவரேயன்றி, அந்தச் சுவரை ஆக்கமாட்டார்.

முற்காலத்தில் இப்பணி முழுதும் கைத்திறத்தால் நிகழ்ந்தது. அட்டையின்மேல் எஃகு அளவுகோலை வைத்து, கூரிய கத்தியால் சன்னல் துளைகளை ஒவ்வொன்றாக வெட்டுவர். கண்ணாடிகளைத் தாங்கும் மரச்சட்டம் மெய்யில் ஓரங்குலத் தடிப்பு உடையது எனின், மாதிரியில் மூன்றில் ஒரு மில்லிமீட்டரே ஆகும். அத்துணை மெல்லிய சட்டங்களைக் கையால் வெட்டும்போது, ஒன்று பிசகினாலும் சன்னல் முழுவதும் பாழ். கைகாட்டி அறையோ மூன்று பக்கமும் சன்னல்களால் ஆனது. நெம்புகோல்களை இயக்குபவர் பாதையைத் தடையின்றிக் காணவேண்டும் என்பதற்காக அவ்வாறு அமைத்தனர். ஆகவே, அதனை ஆக்கப் புகுந்தோர் பலர் பாதியிலே சோர்ந்து விடுதலும் உண்டு.

இந்நாளில் இவ்விடர்ப்பாட்டை நீக்க வெட்டும் பொறி ஒன்று வந்துள்ளது. மேசைமேல் வைக்கத்தக்க சிறு பொறி அது. பசையுள்ள விரிப்பின்மேல் அட்டையையோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையோ ஒட்டிப் பொறியினுள் செலுத்துவர். கணிப்பொறியில் வரைந்த கோடுகளின் வழியே நுண்ணிய கத்தி ஒன்று ஓடி வெட்டும். கால்மில்லிமீட்டர்த் தடிப்புள்ள தகட்டைச் சில முறை ஓடி அறுத்துவிடும். அதனினும் தடித்ததாயின், ஆழமாகக் கீறிவிடும். பின்னர்க் கையால் மெல்ல ஒடித்து எடுக்க வேண்டும். ஒரு சன்னல் வரைந்தால் பத்துச் சன்னல் கிடைக்கும். பத்தும் ஒன்றுபோல் இருக்கும். தடித்த சுவர் வேண்டின், மெல்லிய தகடுகள் பலவற்றை அடுக்கி ஒட்டுவர்.

இப்பொறியைக் கண்டு சிலர் முகம் சுளிக்கின்றனர். “பொறி வெட்டியது பொறியின் பொருள், மனிதன் ஆக்கியது ஆகுமா? கை பழகுவதும் பொறுமை வளர்வதும் அன்றோ கலையின் பயன்? அவை போனபின் எஞ்சுவது என்ன?” என்பது அவர்தம் கேள்வி. இக்கேள்வியைப் புறக்கணித்தல் தகாது. பல மாதம் அமர்ந்து கத்தியால் அட்டை வெட்டியவன் தன் விரல்களைப் பழக்கியதோடு, தன் உள்ளத்தையும் பழக்கிக்கொண்டான் என்பது மெய்யே.

எனினும், அவர்கள் ஒன்றை மறந்துவிட்டனர். அவர்கள் போற்றும் புகைவண்டியே பொறியின் வயிற்றில் பிறந்த குழந்தை. ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைத் திருத்தி அமைத்தபோது, நீராவி ஒழுகாத உருளை கிடைக்காமல் அல்லலுற்றார். ஜான் வில்கின்சன் என்னும் இரும்புத் தொழிலதிபர் பீரங்கிக் குழல் குடைவதற்கென 1774ஆம் ஆண்டு உரிமை பெற்ற முறையினின்றும் வளர்ந்த குடையும் பொறியே, வாட்டின் உருளைகளைச் செம்மையாகக் குடைந்து தந்தது. அதனால் வாட்டின் அறிவுக்கு யாரேனும் குறை கூறினரோ? உருளையைக் குடைந்தது பொறி. எவ்வாறு குடையவேண்டும் என்று எண்ணியது மனிதன். கத்தியும் எஃகு அளவுகோலும்கூடக் கருவிகளே. கருவியைக் கையாள்வது இழிவாயின், பல்லால் அட்டையைக் கிழித்தவனே தலைசிறந்த கலைஞன் ஆதல் வேண்டும்!

பொறி எதனைச் செய்கின்றது, எதனைச் செய்யவில்லை என்று பகுத்துணர்வதே அறிவுடைமை. பொறி வெட்டும், அளக்காது. நிழற்படத்தில் செங்கல்லை எண்ணாது. கதவு உள்வாங்கி உள்ளதா, சுவரோடு ஒட்டி உள்ளதா என்று ஐயுறாது. தகடுகளுக்கு இடையே பசைநீர் தங்கினால் சுவர் நாளடைவில் வளையும் என்று எச்சரிக்காது. வெட்டிய வெள்ளைத் தகட்டின்மேல் ஐம்பதாண்டுக் கரியையும் மழைக்கறையையும் தீட்டுவது தூரிகை பிடித்த கையே. ஆகவே, கண்ணின் வேலையும் கருத்தின் வேலையும் முன்போலவே மனிதனிடம் உள்ளன. கைவேலையிலும் ஒரு கூறே பொறிக்குச் சென்றது.

அஞ்சத்தக்க தீமை வேறொன்று உண்டு. பிறர் வரைந்த வரைபடத்தை வாங்கி, கட்டடம் எது என்றும் அறியாமல், பொத்தானை அழுத்தி வெட்டிக்கொள்வோர் சிலர் உளர். அவர்கள் இழப்பது கைத்திறத்தைவிடப் பெரியது. காணும் திறத்தையே அவர்கள் இழக்கின்றனர். கையால் வெட்டுபவன் ஒவ்வொரு வெட்டிலும் நின்று நோக்குகின்றான். பிழையிருப்பின் ஒன்றோடு நிற்கும். பொறியோ நில்லாது. வரைபடத்தில் பிழை ஒன்று இருப்பின், பத்துச் சன்னலிலும் அதே பிழையைச் சிறிதும் பிசகாமல் செய்து வைக்கும். பணிவுமிக்க வேலையாள் அது. ஆனால், அறிவுரை கூறும் அமைச்சன் அன்று. ஆதலின், பொறியைக் கையாள்பவர்க்கு முன்னையினும் மிகுதியான விழிப்பு வேண்டும்.

மற்றொரு நன்மையையும் கருதுதல் தகும். கையால் செய்த மாதிரி ஒருவர் வீட்டில் ஒன்றாக நிற்கும். அது சிதைந்தால் உழைப்பும் சிதையும். பொறிக்காக வரைந்த வரைபடமோ அளவுகளைத் தன்னுள் அடக்கிக் காக்கின்றது. பலர்க்கும் சென்று சேர்கின்றது. இங்கிலாந்தில் கைகாட்டிகளை இயக்கும் பணி சில பெரு நிலையங்களில் தொகுக்கப்பட்டு வந்தமையால் பழைய கைகாட்டி அறைகள் தொழில் இழந்தன. 2013ஆம் ஆண்டு அவற்றுள் 26 அறைகள் காக்கத்தக்க கட்டடங்கள் என்று பட்டியலில் சேர்க்கப்பெற்றன. பட்டியலில் இடம் பெறாதவற்றைக் காப்பவர் யாவர்? இடிபடுமுன் சென்று அளந்து, பிழையற வரைந்து வைக்கும் ஆர்வலரே அவர். அவர் வரைந்தது மாதிரிக்கு வழிகாட்டி மட்டும் அன்று. வருங்காலத்திற்கு ஒரு சாசனமும் ஆகும்.

எனவே, இக்கலையில் புகும் இளைஞர் முதலில் ஒரு சிறு கட்டடத்தையேனும் கத்தியும் அளவுகோலும் கொண்டு தம் கையால் ஆக்குதல் நன்று. பொருளின் இயல்பும் பிழையின் விலையும் அப்போதுதான் விளங்கும். அதன்பின் பொறியைத் துணைக்கொள்வதில் இழுக்கு யாதும் இல்லை. அளந்தது தம் கண்ணாகவும், வரைந்தது தம் கருத்தாகவும் இருக்குமாயின், வெட்டியது கத்தியா பொறியா என்னும் வினா பொருளற்றுப் போகும். ஒரு காலத்தில் கொத்தனும் தச்சனும் வியர்வை சிந்தி எழுப்பிய நிலையத்தைச் செங்கல் செங்கல்லாக எண்ணி அறிந்தவன், அதனை வீணே இடிக்க உடன்படான். இடிந்த பின்னும் மறவான்.