சீசாவின் அடியில் ஜாதகம்

பழைய சீசா ஒன்று கைக்கு வந்தால் நம்மவர் முதலில் அதன் வாயைத்தான் பார்க்கிறார்கள். மூடி இருக்கிறதா என்று! வயதை அறிய விரும்புவோர் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஓவன்ஸ் சீசாக் கம்பெனியும் இல்லினாய் கண்ணாடிக் கம்பெனியும் 1929-ல் ஒன்றாயின. சதுரத்துக்குள் 'ஓ' என்னும் ஆங்கில எழுத்து முன்னதன் முத்திரை. சாய்சதுரத்துக்குள் 'ஐ' பின்னதன் முத்திரை. கலியாணம் முடிந்த பின், நீள்வட்டத்தின் மேல் சாய்சதுரத்தைக் கிடத்தி நடுவே 'ஐ' பொறித்தனர். இச்சின்னத்துக்கு இடப்புறத்து எண் தொழிற்சாலையைக் குறிக்கும். வலப்புறத்து எண், தொடக்கத்தில், வருஷத்தின் கடைசி இலக்கம் மட்டுமே.

வம்பு இங்கேதான் பிறக்கிறது. '2' என்றிருப்பதை 1902 என்று சாதித்து இரட்டிப்பு விலை கேட்கும் வியாபாரி உண்டு. அந்த முத்திரையே 1929-க்கு முன் கிடையாதே! 1932 ஆகலாம்; 1942-ம் ஆகலாம். 1940 முதல் இலக்கத்தின் அருகே ஒரு புள்ளி வைக்கத் தொடங்கினார்கள். ஆயினும் எல்லாத் தொழிற்சாலைகளும் அதைத் தவறாமல் வைத்தன என்று நம்பிவிடலாகாது.

சாராய சீசாவாயின் இன்னொரு சாட்சி உண்டு. அதை மறுபடி விற்பதையும் உபயோகிப்பதையும் மத்திய சட்டம் தடுக்கிறது என்ற வாசகத்தைக் கண்ணாடியிலேயே வார்ப்பது 1935 முதல் 1964 வரை அந்நாட்டில் கட்டாயமாயிருந்தது. மதுவிலக்கை 1933-ல் கைவிட்ட தேசம் சீசாவுக்காவது ஒரு விலக்கை விதித்ததே!

1954-க்குப் பின் சாய்சதுரம் படிப்படியாக விடைபெற, நீள்வட்டமும் 'ஐ'யும் மட்டும் மிஞ்சின.