சீட்டு சொல்வது எது, சொல்லாதது எது?

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆயிற்று. உடம்பில் தெம்பு வந்துவிட்டது. ஆனால் கேட்டில் மறிக்கிறார்கள்: "நெகட்டிவ் சீட்டு எங்கே?" கொரோனா பரவிய 2020, 2021 ஆண்டுகளில் எத்தனையோ தொழிலாளிகள் கேட்ட கேள்வி இது. அந்த ஒரு சொல்லுக்காகப் பலர் கூலியை இழந்தார்கள். கொரோனாவின் வேகம் தணிந்தது, கேள்வி தணியவில்லை. நாளை வேறொரு கிருமி வந்தாலும் இதே சீட்டைத்தான் கேட்பார்கள். ஆகவே, அம்பத்தூர், ஆவடி ஆலைத் தொழிலாளிகளும், பூந்தமல்லிச் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளிகளும் இவ்விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை செய்வது என்ன? மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சளியில் கிருமியின் மரபுப் பொருளைத் தேடுகிறது. கிடைத்த துணுக்கைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பத்துச் சுற்றில் ஆயிரம் மடங்கைத் தாண்டும். ஒருவர் சளியில் 20ஆவது சுற்றிலேயே கிருமி தென்படுகிறது. இன்னொருவர் சளியில் 35ஆவது சுற்றில்தான் தென்படுகிறது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் முப்பதாயிரம் மடங்குக்கு மேல்! ஆனால் இருவர் சீட்டிலும் ஒரே சொல்தான்: பாஸிட்டிவ். சளி எடுத்த விதத்தாலும் இயந்திரத்தாலும் சுற்றுக் கணக்கு மாறும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் சரியல்ல.

இன்னொன்றும் உண்டு. செத்த கிருமியின் துணுக்கையும் இப்பரிசோதனை காட்டிக் கொடுக்கும். அடுப்பு அணைந்த பிறகும் சாம்பல் கிடக்கிறது. சாம்பல் கூரையைக் கொளுத்துமா? ஜெர்மனியில் மியூனிக் நகரின் முதல் நோயாளிகளை 2020இல் ஆராய்ந்த விஞ்ஞானிகள், நோய் கண்ட எட்டு நாளுக்குப் பிறகு எடுத்த சளியிலிருந்து உயிருள்ள கிருமியை வளர்க்க முடியவில்லை என்று கண்டார்கள். பரிசோதனையோ அதன் பிறகும் பாஸிட்டிவ் என்றே காட்டியது.

மத்திய சர்க்காரும் இதை ஒப்புக்கொண்டது. வீட்டுக்கு அனுப்ப இரண்டு நெகட்டிவ் வேண்டும் என்றிருந்த விதியை 2020 மே 8ஆம் தேதி மாற்றியது. நோய் கடுமையாகாதவர்கள், அறிகுறி தோன்றிப் பத்து நாள் கழிந்து, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால், மறு பரிசோதனை இன்றியே வீடு திரும்பலாம் என்றது. நோய் கடுமையானவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மற்றவர்களிடம் பத்து நாள் கழித்தும் நெகட்டிவ் சீட்டு கேட்பது விஞ்ஞானம் அல்ல.

அதேபோல், நெகட்டிவ் என்பதும் அபயச் சீட்டு அல்ல. தொற்றிய முதல் ஓரிரு நாளில் பரிசோதித்தால் கிருமி அகப்படாமல் போகலாம். அறிகுறி தோன்றுமுன்பே மற்றவருக்குப் பரவவும் பரவலாம். நேற்றைய சீட்டு இன்றைக்குச் சாட்சி சொல்லாது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையோ, கிருமி வந்த தடத்தை மட்டுமே காட்டும். அது இப்போது இருக்கிறதா என்று சொல்லாது.

எச்.ஐ.வி.யின் கதை வேறு. அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. சீட்டில் பாஸிட்டிவ் ஆயுள் முழுதும் நிற்கும். ஆயினும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்து நிலைத்தால், உடலுறவின் மூலம் அது பரவாது. கூட வேலை செய்வதாலும் ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பதாலும் எந்நாளும் பரவாது. வேலை கொடுப்பதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சீட்டு மட்டும் போதாது. எந்தப் பரிசோதனை, நோய் கண்டு எத்தனையாவது நாள், இப்போது உடம்பு எப்படி என்றும் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். டைம் ஆபீஸ் அல்ல.

ஆனால் முக்கியமான கேள்வி, அந்தப் பத்து நாள் கூலியை யார் கொடுப்பது என்பதுதான். ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்கு, சந்தா நாட்கள் நிறைந்திருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். நாற்று நடும் பெண்ணுக்கு அந்த உரிமையும் இல்லை. ஒரு நாள் படுத்தால் அன்று அடுப்பு எரியாது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு அவள் வயலில் இறங்கினால் அது யார் குற்றம்? பட்டினிக்குப் பயந்தவர் நோயை மறைக்கிறார். மறைத்த நோய் பரவுகிறது. கூலியோடு கூடிய ஓய்வைப் போல் நோயைத் தடுக்கும் வேலி வேறில்லை.

எனவே நாம் கோருவது இது: தொற்றுநோய் கண்டவருக்கு, டாக்டர் சொல்லும் நாள் வரை கூலியோடு லீவு வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்த உரிமை வேண்டும். நாள் கழிந்து குணமானவரைச் சீட்டு கேட்டு மறிப்பது நிற்க வேண்டும். பரிசோதனை முடிவைத் தமிழில் எழுதி, பொருளை விளக்கிக் கையில் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் கண்டால் மறைக்காதீர்கள், ஒதுங்கி இருங்கள். குணமானவரை ஒதுக்காதீர்கள், அவர் பக்கம் நில்லுங்கள். அதுவே நம்மைக் காக்கும்.